மாத்திரை போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனவர்கள்

ஐயா,

போன வியாழக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் நீ எனக்குச் செத்துப் போயிருந்தாய். பெற்றவள் கையால் எழுதக் கூடாத வரிதான். எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஆனாலும் அதை அடிக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் நீ நாளைக்குத் திங்கட்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் போனதும் 'எனக்கு இந்தச் சுற்று வேலை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவாய். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறக்குமுன் 'சரிம்மா, சரிம்மா' என்பாய். பாதியில் அங்கே மணி அடிக்கும், வைத்துவிட்டு ஓடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதி, நாளைக்கு விடிந்ததும் டவுனுக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஆள் மூலம் கொடுத்துவிடப் போகிறேன். நீ மட்டும் படித்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களைப் பெற்றவர்களும் ஏதாவது ஒரு படித்துறையில்தான் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை கிருத்திகை. உன் அப்பா முந்தின நாள் ராத்திரி விரதத்துக்காக வழக்கம்போல ஒரு பழத்தைத் தின்று ஒரு தம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தவர், விடிந்ததும் துண்டும் சோப்புப் பெட்டியுமாக ஆற்றுக்குப் போய்விட்டார். நான் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்கிறேன், உங்கள் சிவப்பு ஜீப் தெருவுக்குள் திரும்புகிறது. நம் வாசலுக்கு அந்த வண்டி வரக் கூடாது என்று உன் அப்பா போட்ட சட்டம் உனக்குத் தெரியும். வந்தது. நம் வாசலிலேயே, கோலத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு நின்றது. உன் சிநேகிதன் பீர் இறங்கினான். ஓட்டிவந்தவர் இறங்கினார். நீ இறங்கவில்லை. தீயணைப்புக்காரனைப் பெற்றவளுக்கு இதற்கு மேல் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா? திசையன்விளைப் பக்கம் கிணற்றில் இறங்குகிற பயிற்சிக்குப் போகிறேன் என்று நீ முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாய். அதில் கிணறு என்கிற சொல் மட்டும்தான் என் தலைக்குள் நின்றது. பீர் ஏதோ சொல்ல வந்தான். அவன் சொல்லிவிட்டால் அது நிசமாகிவிடும் என்று அவனை முந்திக்கொண்டு நான் கேட்டேன், "காப்பி குடிக்கீயளாப்பா?" என்று. அழவில்லை, கத்தவில்லை. மகன் செத்த செய்தியோடு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டே, கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

அவன் பதிலுக்கு என்ன கேட்டான் என்று சொல்வதற்கு முன்னால், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீ இந்த வேலைக்குத் தேர்வானபோது நான் நம் சீவலப்பேரியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன். என் மகன் ஏணியில் ஏறுவான், தீக்குள் புகுந்து ஆளைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தேன். அப்புறம் உங்களில் சிலரை மருத்துவ உதவிப் படிப்புக்கு அனுப்பினார்கள். படித்துவிட்டு வந்ததும் உங்கள் நிலையத்தில் சோதனையாக ஒரு புது வேலையைத் தொடங்கினார்கள். தீயும் விபத்தும் இல்லாத நேரத்தில் ஒரு ஜீப்பில் பெட்டியோடு ஆற்றங்கரை ஊர்களுக்குப் போக வேண்டும். தனியாகக் கிடக்கிற வயசாளிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சுகர் பார்க்க வேண்டும், காலில் புண் இருந்தால் கட்டு மாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களைப் போக வைக்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேட்டையில் உன் சித்தி வீட்டு விசேஷத்தில் ஒருத்தி, தீயணைக்கப் போன பிள்ளை தாத்தாமாருக்கு நகம் வெட்டிவிடுகிறானாமே என்று சிரித்தாள். அங்கே நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உன் மேல் பாய்ந்தேன். நீ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாய்: "தீ எப்பவாச்சும்தாம்மா பிடிக்கும். மனுசன் தெனமும்லா விழுதான்." அப்போது அது எனக்கு வாய்ப்பேச்சாகத்தான் பட்டது.

உன் அப்பா சிரிக்கவும் இல்லை, பாயவும் இல்லை. ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்தச் சிவப்பு வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே தீப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிணம் கிடக்க வேண்டும், ஊர் அப்படித்தான் நினைக்கும், நம் வாசலில் அது நிற்கப்படாது என்றார். பெற்ற அப்பன் விரலில் மகன் ஊசி குத்துகிற கண்றாவி வேண்டாம் என்றார். அதைப் பார்த்து ஊரும் படித்துக்கொண்டது. சொந்த வீட்டுக்கே போகாதவன் நம் வீட்டுக்கு எதற்கு வருகிறான் என்று உன் முகத்துக்கு நேராகவே இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நீ அதை என்னிடம் சொல்லவில்லை. பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இருந்தும் நீ இந்த வேலையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கோமதிநாயகம் அண்ணாச்சியால்தான். போன பங்குனியில் அவரை ஆற்றிலிருந்து தூக்கியவர்களில் நீயும் ஒருவன். உன் அப்பாவும் அவரும் சின்னதிலிருந்தே வெள்ளத்தில் அக்கரைக்கு நீந்திப்போய் வருகிற ஆட்கள். உனக்கு நீச்சல் பழக்கியபோது, உன் அப்பா மேலேயிருந்து உன்னைத் தள்ளிவிட, கீழே தண்ணீரில் நின்று உன்னைப் பிடித்தது அண்ணாச்சிதான். அப்பேர்ப்பட்ட மனிதர், பங்குனி மாதத்து இடுப்பளவு தண்ணீரில் போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கும் அவர் மகன் முத்துக்குமாருக்கும் பெரிய சண்டை. வீட்டிலேயே குளியலறை கட்டிப் போட்டிருக்கிறேன், இந்த வயசில் எதற்கு ஆற்றுக்குப் போகிறீர்கள் என்று மகன் கேட்க, ஆற்றில் குளிக்காவிட்டால் எனக்குக் குளித்ததுபோலவே இருக்காது என்று அவர் சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. கடைசியில் அந்தப் பிள்ளை கத்தினான், "அப்பம் ஆத்துக்குள்ளயே போய்க் கெடங்க" என்று. தெருவே கேட்டது. மறுநாள் காலையில் அண்ணாச்சி ஆற்றுக்குள் கிடந்தார்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? நீந்தத் தெரிந்தவன் இடுப்பளவு தண்ணீரில் எப்படி மூழ்குவான், மனசு வைத்துத்தான் மூழ்கியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் முத்துக்குமாரின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவன் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். அவனைப் பெற்ற லட்சுமி மதினிகூட அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்களாம். அவன் பேட்டையில் பட்டறை வேலைக்குப் போகிறவன். காலையில் முதல் டவுன் பஸ்ஸில் போய் ராத்திரி கடைசி பஸ்ஸில் வருவான், தெருவில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று. அன்றிலிருந்து அவன் ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நீயோ அண்ணாச்சியைத் தூக்கிக் கரையில் போட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றாய். "தலையில பாதிக்குச் சோப்பு இருந்துச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அதோடு படுத்துவிட்டாய்.

படிப்பு முடித்து வந்த பிறகுதான் உனக்கு அது பிடிபட்டது. காலை நேரத்தில் நீங்கள் ஆற்றிலிருந்து தூக்குகிற வயசாளிகள் பலரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், சுகர்க்காரர்கள், குளிக்காமல் ஒரு பருக்கையை வாயில் வைக்காதவர்கள். டாக்டர் சாப்பாட்டுக்கு முன்னால் என்று சொன்ன மாத்திரையை இவர்கள் பல் விளக்கிய கையோடு போட்டுவிடுகிறார்கள். மறந்துவிடக் கூடாது பாருங்கள், அதோடு மாத்திரை சாப்பாட்டில் சேராதே. பிறகு ஆற்றுக்கு நடந்து, பேசி, குளித்து, துணி அலசிப் பிழிந்து, கோயிலுக்குப் போய், வீட்டுக்கு வந்து பூசையை முடித்து இலையில் உட்கார ஒன்பது மணி ஆகிவிடும். டாக்டர் நினைத்தது அரை மணி நேரம், இவர்கள் எடுத்துக்கொள்வது அரைப் பொழுது. அதற்குள் அந்த மாத்திரை உடம்பில் இருக்கிற சர்க்கரையை வழித்துத் துடைத்துவிடும். வீட்டில் இருந்தால் வியர்க்கும், கை நடுங்கும், யாராவது பார்த்துவிடுவார்கள். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு வியர்ப்பது எப்படித் தெரியும்? இதை நீ, அதே மாத்திரை போடுகிற உன் அப்பாவிடம் பொறுமையாகத்தான் சொன்னாய். நான் அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குளிக்காமல் சாப்பிடச் சொல்கிறாயா, நாங்கள் என்ன சாதிசனம் இல்லாதவர்களா என்று எங்கேயோ கொண்டுபோய் முடித்தார். நீ எழுந்து போய்விட்டாய். எனக்கும் அன்றைக்கு உன் பக்கம் பேசத் தோன்றவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். காப்பி வேண்டுமா என்று கேட்ட என்னைப் பீர் ஒரு மாதிரி பார்த்தான். பிறகு கேட்டான்:

"அப்பா எங்கம்மா?"

"ஆத்துக்குப் போயிருக்காவ."

"மாத்திரை போட்டாச்சா?"

"எந்திரிச்ச ஒடனே போட்டாவளே."

அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான் ஐயா. காலில் பூட்ஸோடு, வாய்க்கால் கரைக் குறுக்குவழியில், அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓட்டிவந்தவரும் பின்னாலேயே ஓடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இவர்கள் உன்னைப் பற்றிச் சொல்ல வரவில்லை என்று. நீ உயிரோடு திரும்பி வந்த அதே மூச்சில் உன் அப்பா போய்க்கொண்டிருந்தார். சந்தோஷப்படவும் நேரமில்லை, பயப்படவும் நேரமில்லை. கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நானும் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்த்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார், தாடை வரைக்கும் தண்ணீர். அணையில் திறந்துவிட்டிருந்தார்கள்போல, ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கேயோ இருக்கிறது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்துத் துறையில் இரண்டு பேர் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கிருத்திகை ஆயிற்றே, மந்திரம் சொல்லுகிறார் என்று நினைத்தார்களாம். பீர் படியில் இறங்கி அவர் தோளைத் தொடப் போகிறான், அதற்குள் சரிந்துவிட்டார். தலை உள்ளே போய்விட்டது. கை ஒன்றும் அடிக்கவில்லை, கால் ஒன்றும் உதைக்கவில்லை. அக்கரைக்கு நீந்திப் போய்வருகிற மனிதர், ஒரு செம்பு கவிழ்ந்து தண்ணீருக்குள் போவதுபோல அப்படியே போனார் ஐயா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீர் பூட்ஸோடு உள்ளே விழுந்து அவரைத் தூக்கினான். இருவரும் சேர்ந்து படியில் கிடத்தி, ஒருக்களித்துத் திருப்பி, விரலில் குத்திப் பார்த்தார்கள். எண் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, பீரின் முகம் போன போக்கே போதுமாயிருந்தது. ஏதோ ஒரு சர்க்கரைப் பசையைக் கன்னத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே இருந்தான். "பைய, அப்பா, பைய முழுங்குங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உன் அப்பா என்ன முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்பது என் காதில் விழுந்தது. "ஏட்டி, காப்பி எங்க?" அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தாடை வரைக்கும் ஆறு ஓடுகிறது, இவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு என்னிடம் காப்பி கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, இடுப்புத் துண்டை இழுத்து மூடிக்கொண்டு, எதற்குலே கூட்டம் என்று அதட்டினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் பீரிடம் கேட்டேன், எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்றுதானே பேச்சு, எப்படி வந்தாய் என்று. "அவந்தாம்மா நேத்து போன் போட்டான். நாளைக்குக் கிருத்திகை, எங்கப்பா ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டாவ, நீ எவ்வளவு ஏச்சு வாங்குனாலும் சரி, காலைல எங்க வாசல்ல போய் நில்லுன்னான்." முன் சீட்டில் உன் அப்பா காது கேட்காததுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் நீ ஆஸ்பத்திரியில் வந்து நின்றாய். அவர் சுவரைப் பார்த்தார், நீ தரையைப் பார்த்தாய். அப்பனும் மகனும் அப்படியே நின்றிருந்தால் விடிந்திருக்கும். நான்தான் உன்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அங்கே வைத்து நீ சொன்னாய், என் சொந்த அப்பனே நான் சொல்லிக் கேட்கவில்லை, ஊரான் எப்படிக் கேட்பான், திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி பெரிய வண்டிக்கே போய்விடப் போகிறேன் என்று. எனக்கும் அன்றைக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை. நீ போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் அப்பாவும் நானும் வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் என்பாட்டுக்கு யோசித்துக்கொண்டு கிடந்தேன். சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். காலையில் பள்ளிக்கூட வரிசையில் நிற்கும்போது திடுதிப்பென்று ஒரு பிள்ளை சாய்ந்து விழும். தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவருவார்கள். நான் ஏன் விழுந்தாய், யாரோடு சண்டை போட்டாய், எதற்கு மனசொடிந்து போனாய் என்று கேட்டதே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து ஓடிவிடும். பிள்ளை விழுந்தால் வயிற்றைப் பார்க்கிற நமக்கு, பெரியவன் விழுந்தால் மட்டும் ஏன் மனசு, மானம், சாபம் என்று போகிறது? அண்ணாச்சி போனபோது இந்தத் தெருவில் ஒருவருக்காவது, அந்த மனிதர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றவில்லையே.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, வா, எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வருவோம் என்றார். சனிக்கிழமை பட்டறை சீக்கிரம் விட்டுவிடுவார்கள், முத்துக்குமார் வீட்டில் இருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். தாடியும் அதுவுமாக, முப்பது வயசுப் பிள்ளை ஐம்பது வயசுக்காரன்போல இருக்கிறான். உன் அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னார்:

"முத்து, நான் தண்ணிக்குள்ள இருந்தேன்னே எனக்குத் தெரியாதுடே. வீட்டுல உக்காந்திருக்கேன், உங்க சித்தி காப்பி தரல, அதான் எனக்கு நெனப்பு. நீந்தணும்னு தோணல, கத்தணும்னு தோணல. அது ஆறுன்னே தெரியல."

அவன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். உன் அப்பா மதினி பக்கம் திரும்பி, அண்ணாச்சி அன்றைக்குக் காலையில் சுகர் மாத்திரை போட்டாரா என்று கேட்டார். மதினி கொஞ்சம் யோசித்தார்கள். ராத்திரி கோபமாகத்தான் இருந்தார், ஆனாலும் இரண்டு தோசை தின்றார், காலையில் பல் விளக்கிவிட்டு எப்போதும்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் துண்டை எடுத்தார் என்றார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர்கள் குரல் நின்றுவிட்டது. உன் அப்பா முத்துக்குமாரின் கையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் உன் கையைக்கூட அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"சாகப் போற மனுசன் சுகர் மாத்திரை போட்டுட்டுப் போவாராடே?"

உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் மாத்திரையைப் போட்டிருக்கிறார். அதுவே அவரைக் கொண்டுபோயிருக்கிறது. இவ்வளவு நாளும் ஒரு பிள்ளை, அப்பனைக் கொன்ற வாயோடு இந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கிறான். முத்துக்குமார் கேட்டான்.

"அப்பம் எங்கப்பா நான் சொன்னதுக்காவப் போகலியா சித்தப்பா?"

"இல்லடே. குளிக்கத்தான் போனாவ."

அந்தப் பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டான். மதினி அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார்கள். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டோம். நீ இருந்திருந்தால், உறுதியாக அப்படித்தான் என்று சொல்ல முடியாதும்மா என்று இழுத்திருப்பாய். எனக்கும் தெரியும், சொல்ல முடியாதுதான். ஆனால் ஊர் மட்டும் உறுதியாகத்தானே சொன்னது? பங்குனியிலிருந்து அதைச் சுமந்தவனுக்கு இதையும் கேட்க உரிமை இருக்கிறது.

ஐயா, எனக்கு உன் வேலையைப் பற்றி என்ன தெரியும், நான் புத்தி சொல்வதற்கு? ஆனாலும் அடுக்களைக்காரி ஒன்றிரண்டு சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் ஆம்பளைகளிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்காதே, போட்டாச்சு என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். அவர்கள் எப்போது குளிக்கிறார்கள், எப்போது இலையில் உட்காருகிறார்கள் என்று வீட்டுப் பெண்களிடம் கேள். கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் எல்லாம் பார்த்து, அன்றைக்கும் மறுநாளும் காலையில் சீக்கிரம் கிளம்பு. பீர் நோன்பு மாதத்துக்கு அவன் ஆட்களிடம் இதேபோலப் பேசட்டும், அவனுக்குத் தெரியாததா. குளிக்காமல் சாப்பிடச் சொல்லி யாரோடும் மல்லுக்கட்டாதே, அதில் நீ ஜெயிக்க மாட்டாய். ஆஸ்பத்திரி டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், குளித்து வந்து தட்டு முன்னால் உட்காரும்போது மாத்திரையைப் போட்டால் போதும் என்று. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். இதற்கா ஒரு உயிர் போயிற்று? உன் அப்பா வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பூசை அலமாரியில் திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். குளிக்காமல் அங்கே கைவைக்க மாட்டார், சாகும்வரை மாட்டார். இதை வேண்டுமானால் நம் பக்கத்து வீடுகளில் சொல்லிப் பார், கேட்பார்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நாளைக்குத் தனியாக ஆற்றில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் உன் அப்பா காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வாசலில் யாரோ நிற்பதுபோல இருந்தது, போய்ப் பார்த்தேன். முத்துக்குமார். தாடியை எடுத்திருந்தான், கையில் ஒரு துண்டு. உள்ளே எட்டிப் பார்த்து, "சித்தப்பா, மாத்திரை போட்டீயளா?" என்று கேட்டான். இவர், வந்துதான் போடணும் என்றார். அப்படியென்றால் வாருங்கள் போவோம் என்று அவன் முன்னால் இறங்கி நடந்தான். இருவரும் ஆற்றுக்குப் போகிற பாதையில் திரும்புகிற வரைக்கும் மதினி எதிர்வாசலிலும் நான் இந்த வாசலிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளித்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அப்பா தட்டைப் பார்த்தபடியே, உன் வண்டி எந்தக் கிழமை நம் ஊருக்கு வரும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். நீ எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். நான் செவ்வாய்க்கிழமை கோலத்தைக் கொஞ்சம் ஓரமாகப் போடப் போகிறேன், ஜீப் நிற்க இடம் வேண்டும்.

உன் அம்மா